யாழை மீட்ட விஞ்ஞானி

உடப்புக் கரையிலே விடியற்பொழுதில் நின்று, கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடலைக் கேளாத இளைஞர் நம் மன்றத்தில் ஒருவரேனும் இரார். ஒருவர் குரலெடுத்துக் கொடுக்க, மற்றையோர் அதனை ஒருமித்து வாங்கிப் பாட, மீன் நிறைந்த மடி சிறிது சிறிதாகக் கரையை நோக்கி வருகின்றது. பாட்டின் தாளம் பிசகினால் கயிற்றின் இழுப்பும் பிசகிவிடும். ஓசைக்கும் எண்ணுக்கும் உள்ள உறவை நம் கடற்கரை மக்கள் இவ்வாறு நாள்தோறும் கையாண்டு வருகின்றனர். ஆயின் அவ்வுறவு பல்கலைக்கழகத்திலே அமர்ந்து ஆராயத்தக்க ஒரு பொருள் என நம்மில் எத்தனை பேர் எண்ணியிருப்போம்?

அவ்வாறு எண்ணியவர் ஒருவர் இந்நாட்டிலே இருந்தார். நம்மைப் போலவே கடலோரச் சிற்றூர் ஒன்றிலே பிறந்து, நம்மிற் பலரைப் போலவே மிஷன் பாடசாலைகளிலே பயின்று, விஞ்ஞானப் பட்டதாரியாகிப் பின் துறவியாகி, ஈற்றிலே தமிழ்ப் பேராசிரியராக வீற்றிருந்து, மறைந்துபோன ஓர் இசைக்கருவியைக் கணக்கின் துணைகொண்டு மீட்டுத் தந்தார். அவரே சுவாமி விபுலாநந்தர்.

மூத்தோர் அவரை முத்தமிழ் வித்தகர் என அறிவர். இறைவன் உவக்கும் மலர்கள் எவை என அவர் பாடிய பாடலைச் சிறுவயதில் மனனஞ் செய்து ஒப்புவித்தோர் நம்மிற் பலர். சுவாமிகளின் படம் மாட்டப்பெறாத இந்து மன்றங்கள் இந்நாட்டிற் சிலவே. ஆனால் காவி உடுக்கு முன்னர் அவர் ஆய்கூடத்திலே நின்று பழகிய ஒரு விஞ்ஞான ஆசிரியர் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் வாழ்வின் இப்பகுதியை இம்மலரிலே சற்று விரித்துரைக்க விழைகின்றோம்.

கிழக்கிலங்கையில், மட்டக்களப்புக்குத் தெற்கேயுள்ள காரைதீவு என்னும் ஊரிலே 1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மையார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். அதே 1892ஆம் ஆண்டிலேதான் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை முதன்முறையாக முழுமையாகப் பதிப்பித்து வெளியிட்டார். எந்த நூலிலிருந்து பழந்தமிழிசையின் இலக்கணத்தைத் தோண்டி எடுக்க வேண்டியிருந்ததோ அந்த நூலும், அதனைத் தோண்டி எடுக்கப் பிறந்த மகனும் ஓராண்டிலேயே உலகத்துக்கு வந்தமை வியப்புக்குரிய ஒற்றுமையாகும்.

ஊரிலே தமிழ் பயின்ற மயில்வாகனன், ஆங்கிலக் கல்வியைக் கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், பின்பு மட்டக்களப்பில் யேசு சபைத் துறவியர் நடத்திய புனித மைக்கேல் கல்லூரியிலும் பெற்றார். 1908ஆம் ஆண்டு, பதினாறே வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்தார். அக்காலத்திலே அப்பரீட்சை அரசாங்க உத்தியோகத்துக்கு ஒரு திறவுகோல். கச்சேரியிலோ கந்தோரிலோ ஒரு நாற்காலியைத் தேடிக்கொண்டு அமைதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ ஆசிரியத் தொழிலைத் தேர்ந்தார். தாம் பயின்ற கல்லூரியிலேயே கற்பிக்கத் தொடங்கினார்.

1911ஆம் ஆண்டு ஆசிரியப் பயிற்சிக்காகக் கொழும்புக்குச் சென்றார். பின்னர் கொழும்பு அரசினர் தொழினுட்பக் கல்லூரியில் சேர்ந்து 1916இல் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். இலங்கையிலிருந்து அத்தேர்வில் முதன்முதல் தேறியவர் அவரே என்பர். பகலிலே குடுவையும் தராசும், இரவிலே தொல்காப்பியமும் சிலப்பதிகாரமும் என அவருடைய மாணவப் பருவம் கழிந்திருத்தல் வேண்டும். விஞ்ஞானம் ஒரு சாலையாகவும் தமிழ் வேறொரு சாலையாகவும் பிரிந்து கிடந்த காலத்தில், இரண்டிலும் ஒருங்கே நடந்த அவ்விளைஞருக்கு அப்பொழுது வயது இருபத்து நான்கு. ஏறக்குறைய நம் வயதுதான்.

1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞான ஆசிரியரானார். அப்பணியிலிருந்தவாறே தாமாகப் பயின்று இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றார். இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் அப்பொழுது இல்லை. ஆசிரியர் துணையும் நூலகத் துணையும் குறைந்த நிலையிலே, கடல் கடந்த ஒரு சர்வகலாசாலையின் பரீட்சைக்குத் தனியே ஆயத்தஞ் செய்வது எத்துணை அரிது என்பதை, விரிவுரை மண்டபமும் நூலகமும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கக் கல்வி கற்கும் நாம் உணர்தல் நன்று. பின்னர் மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரை அதிபராக ஏற்றுக்கொண்டது.

பட்டமும் பதவியும் வந்து சேர்ந்த அந்நிலையிலேதான் அவர் அவற்றைத் துறந்தார். 1922இல் சென்னை மயிலாப்பூரிலுள்ள இராமகிருஷ்ண மடத்தை அடைந்து பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரியப் பெயர் பூண்டார். 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார். 1925இல் இலங்கைக்கு மீண்டு வந்து, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் அவர் கைபட்டு வளர்ந்த கலாசாலைகள் பல. கல்லடி உப்போடையிலே 1929இல் தோன்றிய சிவானந்த வித்தியாலயம் அவற்றுள் தலையாயது. துறவு என்பது உலகத்தை விட்டு ஓடுதல் அன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

1929இல் சிதம்பரத்தையடுத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. 1931இல் அங்கே முதற்றமிழ்ப் பேராசிரியராக அமருமாறு சுவாமிகள் அழைக்கப்பட்டார். இதனைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ஒரு சர்வகலாசாலையின் தமிழ்ப் பீடத்துக்கு முதன்முதலில் அழைக்கப்பட்டவர் இரசாயனமும் பௌதிகமும் கற்பித்த ஒரு விஞ்ஞானப் பட்டதாரி! இக்காலத்திலாயின் எத்துறைக்கு எப்பட்டம் உரியது என்னும் வேலி அவரை வாயிலிலேயே மறித்திருக்கும். 1933 வரை அங்கே அவர் கற்பித்தார். மாலை வேளைகளிலே அருகிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவித்தார். பேராசிரியர் நாற்காலிக்கும் சேரித் திண்ணைக்கும் இடையே அவர் வேற்றுமை கண்டாரல்லர்.

இனி, விஞ்ஞானத் தமிழுக்கு அவர் ஆற்றிய பணியைக் கூறுவோம். பாடசாலைகளிலே தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிக்க வேண்டும் எனப் பலர் பேசினர். ஆனால் சொல் இல்லாமல் கற்பிப்பது எங்ஙனம்? 1934இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் இதற்கெனச் சொல்லாக்கக் கழகம் ஒன்றை நிறுவியது. 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலே கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குச் சுவாமிகளே தலைமை தாங்கினார். கணிதம், பௌதிகம், இரசாயனம், தாவரவியல், விலங்கியல் முதலாய துறைகளுக்கு ஏறக்குறைய பத்தாயிரம் சொற்கள் ஆராயப்பட்டு 1938இல் நூலாக வெளிவந்தன. ஆய்கூடத்தில் நின்று கற்பித்தவருக்கே ஒரு சொல் மாணாக்கன் நாவிலே புரளுமா புரளாதா என்பது தெரியும். பிற்காலத்தே இலங்கையில் எழுந்த கலைச்சொற்றொகுதிகளுக்கும், நாம் ஆறாம் வகுப்பு முதல் கையிலேந்திய தமிழ் விஞ்ஞான நூல்களுக்கும் இத்தகைய முயற்சிகளே கால்கோள் ஆயின.

இவ்விடத்திலே எம் அனுபவம் ஒன்றைக் கூறாதிருக்க இயலவில்லை. நம் கரையோரத்து ஊர்ப் பாடசாலை ஒன்றிலே பௌதிகத்துக்கு ஓராண்டு முழுவதும் ஆசிரியர் இல்லாதிருந்தது எமக்குத் தெரியும். அவ்வாண்டு நம்முடன் விளையாடித் திரிந்த நண்பர் பலர், ஆற்றல் குறைவினால் அன்று, கற்பிப்பார் இன்மையினாலேயே விஞ்ஞானத்தைக் கைவிட்டு வேறு பாடங்களுக்கு மாறினர். சிலர் படிப்பையே விட்டு வாடிக்கும் உப்பளத்துக்கும் சென்றனர். நாமோ பட்டணத்து மிஷன் கல்லூரியில் இடம் கிடைத்தமையால் தப்பினோம். பல்கலைக்கழகம் புகுந்தபின் முதல் வாரமே விரிவுரை முழுவதும் ஆங்கிலத்தில் நிகழ, தமிழிலே நன்கு விளங்கியிருந்த பொருள்கூட அந்நியமாய்த் தோன்ற, மண்டபத்தின் பின்வரிசையிலே வாய்மூடி அமர்ந்திருந்தோம். தமிழில் விஞ்ஞானம் கற்றது பிழையோ என்னும் ஐயம் அப்பொழுது எம் உள்ளத்தை அரித்தது. அவ்வையத்துடன் விடுமுறைக்கு வீடு வந்த காலத்திலேதான் சுவாமிகளின் யாழ் நூலைக் கையிலெடுத்தோம்.

யாழ் நூல் எளிய நூல் அன்று. இலக்கியம் கற்றோர் அதன் கணக்கைக் கண்டு மலைப்பர். கணக்குக் கற்றோர் அதன் செய்யுளைக் கண்டு மலைப்பர். எமக்கு அந்நூலின் வாயிலைத் திறந்தது மிஷன் கல்லூரி ஆய்கூடத்துச் சுரமானியே. மரப்பெட்டியின்மேல் இழுத்துக் கட்டிய தந்தி, அதன்கீழே நகர்த்தும் பாலம், நுனியிலே தொங்கும் நிறை ஆகிய இவ்வளவே சுரமானி. நூறு சதமமீற்றர்த் தந்தியை மீட்டிப் பின் ஐம்பதிலே பாலத்தை நிறுத்தி மீட்டினால், அதே சுரம் மேல்மண்டிலத்தில் ஒலிக்கும். மூன்றில் இரு பங்கிலே நிறுத்தினால் அடுத்த இனிய சுரம் பிறக்கும். நான்கில் மூன்று பங்கிலே நிறுத்தினால் மற்றொன்று பிறக்கும். பரீட்சைக்காக இவற்றைக் கட்டமிட்டு எழுதினோம். கிரேக்க நாட்டுப் பைதகரசு மரபினர் இவ்விகிதங்களை அறிந்திருந்தனர் எனவும் படித்தோம். ஆனால் மூன்றில் இரு பங்கிலே பிறக்கும் சுரத்துக்கு இளி என்றும், நான்கில் மூன்று பங்கிலே பிறப்பதற்கு உழை என்றும் தமிழிலே பெயர் உண்டு என யாரும் எமக்குக் கூறினாரல்லர்.

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு நரம்புகளைப் பழந்தமிழர் வகுத்தனர். இவற்றுக்கு முறையே நான்கு, நான்கு, மூன்று, இரண்டு, நான்கு, மூன்று, இரண்டு என அலகுகளும் கூறினர். கூட்டினால் இருபத்திரண்டு. குரலிலிருந்து இளிக்கு ஏற ஒவ்வொரு நரம்பின் அலகாக எண்ணிப் பாருங்கள்: துத்தத்துக்கு நான்கு, கைக்கிளைக்கு மூன்று, உழைக்கு இரண்டு, இளிக்கு நான்கு, ஆகப் பதின்மூன்று. உழையோ ஒன்பதாம் அலகிலே நிற்கும். பதின்மூன்றும் ஒன்பதும் சேர்ந்தால் இருபத்திரண்டு, அஃதாவது ஒரு மண்டிலம். சுரமானியிலோ ஒன்றரை மடங்கையும் ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேற்பட்ட மூன்றில் நான்கு மடங்கையும் பெருக்கினால் சரியாக இரண்டு மடங்கு வரும். பழைய உரைகாரர் செய்யுளிலே வைத்த எண்ணும், தந்தி காட்டும் எண்ணும் ஒன்றையொன்று தழுவி நிற்பதை இவ்வாறு நாமே கணக்கிட்டுக் கண்டபொழுது, பின்வரிசையிலே வாய்மூடி அமர்ந்திருந்த வெட்கம் எம்மை விட்டகன்றது.

சுவாமிகள் சென்ற வழியும் இத்தகையதே. யாழ் என்னும் கருவி பல நூற்றாண்டுகட்கு முன்னரே தமிழ்நாட்டில் வழக்கொழிந்துவிட்டது. பார்த்துச் செய்வதற்கு ஒரு பழைய யாழும் எஞ்சவில்லை. கேட்டறிவதற்கு வாசிப்பார் ஒருவரும் இல்லை. எஞ்சியவை நூல்களே. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் அதற்கு அடியார்க்குநல்லார் முதலியோர் எழுதிய உரைகளும், பத்துப்பாட்டு முதலாய சங்க நூல்களில் யாழின் உறுப்புக்களைக் கூறும் இடங்களுமே அவருக்குக் கிடைத்த சாட்சிகள். அவற்றிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, எண்ணாக மாற்றி, அந்த எண் தந்தியிலே இனிமை தருமா எனச் சோதித்து, தராதவிடத்து மீண்டும் நூலுக்குச் சென்று பார்த்தார். இவ்வாறு பத்தாண்டுக்கு மேல் உழைத்தார். இராமகிருஷ்ண சங்கத்தின் ஆங்கிலத் திங்களிதழாகிய பிரபுத்த பாரதத்துக்கு ஆசிரியராக இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதியிலே தங்கியிருந்த காலத்தும் இவ்வேலையை அவர் கைவிட்டிலர்.

அவர் முன்னே நின்ற பெரிய புதிர் பாலைத்திரிபு. ஒரு பாலையிலே எந்த நரம்பு குரலாக நின்றதோ, அதனை விட்டு வேறொரு நரம்பைக் குரலாகக் கொண்டால் வேறொரு பாலை பிறக்கும். இவ்வகையால் செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என ஏழு பாலைகள் தோன்றுகின்றன. ஆயின் கணக்கிலே ஒரு சிக்கல் உண்டு. ஒன்றரை மடங்காகப் பன்னிரண்டு முறை ஏறினால் ஏழு மண்டிலங்கள் ஏறிய இடத்துக்கே வந்து சேர்தல் வேண்டும் என்று செவி எதிர்பார்க்கும். கணக்கோ அவ்வாறு சொல்வதில்லை. ஏழு மண்டிலம் என்பது 128 மடங்கு. பன்னிரு படிகளோ 129.75 மடங்குக்குக் கொண்டுபோய் விடுகின்றன. இச்சிறு மிச்சத்தை எங்கே ஒளிப்பது என்பதே உலகெங்கும் இசைக்கணிதரை வருத்திய வினா. ஐரோப்பியர் அதனைப் பன்னிரு சுரங்களிலும் சமமாகப் பங்கிட்டுப் பியானோவை அமைத்தனர். நம் முன்னோர் அலகுகளால் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதைச் சுவாமிகள் பின்னங்களால் விளக்க முற்பட்டார்.

இத்துறையிலே சுவாமிகளுக்கு முன்னோடியும் உண்டு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். ஒரு மண்டிலத்திலே இருபத்துநான்கு சுருதிகள் என்பது பண்டிதர் கொள்கை. சுவாமிகளோ இருபத்திரண்டு அலகு என்பதைக் கொண்டு சென்றார். ஒருவர் கிறிஸ்தவர், மற்றவர் இந்துத் துறவி. இருவரும் ஒரே சிலப்பதிகாரத்தைத் திறந்து வைத்து, ஒரே தந்தியைச் சோதித்து, வெவ்வேறு முடிபுக்கு வந்தனர். இதிலே வருந்துவதற்கு எதுவும் இல்லை. பின்வந்த ஆய்வாளர் சிலரும் யாழ் நூலின் முடிபுகள் அனைத்தையும் ஏற்றுக்கொண்டாரல்லர். கருவியே எஞ்சாத இடத்தில் முடிந்த முடிபு எளிதன்று. ஆனால் எண்ணைக் காட்டி வாதிட்டமையால், மறுப்போரும் எண்ணைக் காட்டியே மறுக்க வேண்டியதாயிற்று. நம் பழம்பெருமையை வெறும் முழக்கமாக விடாது, சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்றாக மாற்றியதே இவ்விருவரும் செய்த பெருந்தொண்டு எனக் கருதுகின்றோம்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் நிறுவப்பட்டது. இந்நாட்டுக்கு ஒரு சர்வகலாசாலை வேண்டும் என முன்னரே குரல்கொடுத்தோருள் ஒருவராகிய சுவாமிகள், 1943இல் அதன் முதற்றமிழ்ப் பேராசிரியரானார். உடல்நலம் குன்றியிருந்த காலம் அது. ஆயினும் விரிவுரையும் ஆராய்ச்சியும் தளரவில்லை. 1947 யூன் மாதம் 5ஆம், 6ஆம் நாட்களில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அறிஞர் அவையில் யாழ் நூல் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனைப் பதிப்பித்தது. சுவாமிகளின் கணக்குப்படி செய்யப்பெற்ற யாழ்கள் அவையிலே இசைக்கப்பட்டன. தாளிலே பின்னமாக இருந்தது அன்று காதிலே ஒலியாக வந்தது. ஒரு விஞ்ஞானிக்கு இதனினும் மேலான பேறு யாது?

அப்பேற்றை அவர் நெடுநாள் நுகரவில்லை. ஒன்றரை மாதத்துள், 1947 யூலை 19ஆம் நாள், கொழும்பிலே இறைவனடி சேர்ந்தார். அப்பொழுது வயது ஐம்பத்தைந்து. அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயத்து மண்ணிலேயே அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. கல்லடியிலே இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

சுவாமிகளின் வாழ்விலே நாம் எதனைக் கற்றுக்கொள்வது? ஆங்கிலம் வேண்டா என அவர் கூறினாரல்லர். அவர் பட்டம் பெற்றதும் திங்களிதழ் நடத்தியதும் அம்மொழியிலேயே. தமிழிலே விஞ்ஞானம் இயலாது என்றும் அவர் அஞ்சினாரல்லர். இரண்டு கரைகளுக்கும் ஓடம் விட்டார். முற்காலத்து அறிவை ஆராய்வதும் விஞ்ஞானமே என்றும், அதற்குப் பக்தி மாத்திரம் போதாது, அளவுகோலும் வேண்டும் என்றும் செய்து காட்டினார். இவையெல்லாவற்றுக்கும் மேலாக, தாம் கற்றதைக் கொண்டு கற்பித்தார். பட்டம் பெற்ற ஒவ்வொரு படியிலும் ஒரு வகுப்பறைக்குத் திரும்பி வந்தார்.

நம் புத்தளக் கரையிலும் ஆராய்வதற்குப் பொருள் குறைவோ? அம்பாப் பாடலின் தாளத்தை யாராவது அளந்தெழுதியதுண்டா? காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து வலை வளைக்கும் மூத்தோரின் கணக்கு, களப்பு நீரைப் பாத்தியிற் கட்டி உப்பு விளைவிப்போரின் அனுபவ இரசாயனம், முன்னேசுவரத்துச் சிற்பிகளின் அளவு முறை ஆகிய இவையெல்லாம் ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் காதுக்குச் சென்று, கேட்போர் குறையக் குறைய மறைந்து வருகின்றன. யாழ் மறைந்ததும் இவ்வாறேதான். மறைந்தபின் மீட்பதற்கு ஒரு விபுலாநந்தரும் பத்தாண்டும் வேண்டியிருந்தன. மறையுமுன் எழுதிவைக்கவோ ஒரு கொப்பியும் பொறுமையும் உள்ள இளைஞர் சிலர் போதும்.

மூத்தோரிடம் எம் விண்ணப்பம் இது: நீங்கள் அறிந்தவற்றை அற்பமென எண்ணாது எமக்குச் சொல்லுங்கள். இளைஞரிடம் வேண்டுவது இது: விடுமுறை நாட்களில் மன்ற மண்டபத்தின் ஒரு மூலையை விஞ்ஞான வகுப்பாக்குவோம்; ஆசிரியரில்லாத வகுப்பறைப் பிள்ளைகளை அங்கே அழைப்போம். நாம் முதலில் வருவதாக இம்மலரிலேயே எழுதிக்கொடுக்கின்றோம். ஒரு மரப்பெட்டியும் ஒரு தந்தியும் இருந்தால் முதல் பாடத்தைத் தொடங்கிவிடலாம்.